போர்வை போர்த்திய பனிநாட்டுக் குதிரை

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்தபின் சாவகாசமாகப் படியுங்கள்.

போன கோடையில் இரண்டு மாதம் வட ஜெர்மனியில் மகன் வீட்டில் இருந்தேன். காலை நடைக்குப் போகும் வழியில் ஒரு புல்வெளி உண்டு. மரச்சட்டம் அடித்த வேலிக்குள் ஐந்து குதிரைகள் மேயும். ஐந்தும் ஒரே இனம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். குட்டையான உருவம், தடித்த கழுத்து, கண்ணை மறைத்துத் தொங்கும் நெற்றிமயிர். அவற்றில் ஒன்று மட்டும் காதடியிலிருந்து வால்வரை வெள்ளைத் துணியில் தைத்த அங்கி ஒன்றைப் போட்டிருந்தது. வயிற்றுக்கு அடியிலும் துணியைச் சுற்றிக் கொக்கி மாட்டியிருந்தார்கள். ஜூலை மாதம், வெயில் 28 டிகிரி. அந்த ஊருக்கு அது கடும்வெயில்.

ஒருநாள் குதிரைக்காரம்மா வேலியோரம் நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பேத்தியை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன், குளிருக்குத்தானே போர்வை, வெயிலில் எதற்கு என்று. அந்த அம்மா சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். பேத்தி சுருக்கிச் சொன்னாள்: “தாத்தா, இது எல்லாமே ஐஸ்லாந்துக் குதிரையாம். மத்த நாலும் இங்கேயே பொறந்ததாம். இது மட்டும்தான் நிஜமா ஐஸ்லாந்துல பொறந்து வந்ததாம். அதனாலதான் இதுக்கு மட்டும் சட்டையாம்.”

எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். பனிக்காற்றில் பிறந்து வளர்ந்தது போர்வைக்குள் நிற்கிறது, ஜெர்மன் தொழுவத்தில் சொகுசாகப் பிறந்த நாலும் வெற்றுடம்போடு மேய்கின்றன. முறைப்படி பார்த்தால் தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்? அந்த அங்கிக் குதிரையின் பெயர் ஸ்டியார்னா. ஐஸ்லாந்து மொழியில் நட்சத்திரம் என்று பொருள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருப்பதால் அந்தப் பெயர். நம்மூரில் சுட்டி மாடு என்று கூப்பிடுவதைப் போலத்தான். மகன் வீட்டில் எனக்குப் பொழுது நிறைய இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போனபின் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒரு குதிரையின் சட்டைக்குக் காரணம் தேடப்போய் ஆயிரத்து நூறு வருஷம் பின்னால் போய்விட்டேன்.

மனிதர்கள் குடியேறிய நிலங்களில் ஐஸ்லாந்து மிகவும் பிந்தியது. கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டியபோது அங்கே ஊரும் இல்லை, உழவும் இல்லை. இங்கே பல்லவர் ஆட்சி முடிந்து சோழர் தலையெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சுமார் 870-க்கும் 930-க்கும் இடையில், நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் மக்கள் அங்கே போய் இறங்கினார்கள். மேல்தளம் மூடாத படகு. அதில் பெண்டு பிள்ளை, ஆடு, மாடு, விதைத்தானியம், அவற்றோடு குதிரை. வட அட்லாண்டிக் கடலில் நாள்கணக்கில் பயணம். ஒரு குதிரை நிற்கிற இடத்தில் எத்தனை ஆடு நிற்கும் என்று கணக்குப் பார்க்காமல் எவனும் ஏற்றியிருக்கமாட்டான். முரட்டுக் குதிரையையோ சீக்குக் குதிரையையோ அங்கே யார் ஏற்றுவார்கள்? முதல் பொறுக்கல் படகுத்துறையிலேயே நடந்துவிட்டது.

அந்தக் குடியேற்றத்தைப் பற்றி ஐஸ்லாந்தியர் எழுதிவைத்த பழைய நூல் ஒன்று உண்டு. யார் யார் எங்கே இறங்கினார்கள், எந்த நிலத்தைப் பிடித்தார்கள் என்று ஊர் ஊராகச் சொல்வது. அதில் ஸ்கால்ம் என்ற பெண்குதிரை வருகிறது. சுமை ஏற்றிய அந்தக் குதிரை எங்கே படுக்கிறதோ அங்கே உன் மகன் குடியேறுவான் என்று ஒருவனுக்குக் குறி சொல்லப்படுகிறது. அவன் கடலில் மூழ்கிவிட, மகனும் தாயும் குதிரையின் பின்னாலேயே நடக்கிறார்கள். கோடை முழுக்க அது படுக்கவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு செம்மணல் மேடுகளுக்கு அருகில் வந்தபோது சுமையோடு படுத்தது. அங்கேயே வீடு கட்டினார்கள். நம் ஊர்களிலும் மாடு படுத்த இடம், பசு பால் சொரிந்த இடம் என்று எத்தனை தலபுராணம் இருக்கிறது! இதைப் படித்தபோது அந்த நாடு எனக்குச் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது.

இதற்குப் பிறகு வெளியிலிருந்து அங்கே குதிரை வரவில்லை என்றே சொல்லலாம். 982-ல் ஆல்திங் என்ற அவர்களுடைய பேரவை குதிரை இறக்குமதிக்குத் தடை போட்டது என்று சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் எழுதுகின்றன. நான் அந்த ஆண்டுக்கு அதிக மதிப்பெண் கொடுக்கமாட்டேன். கடலே அந்த வேலையைச் செய்திருக்கும். அவ்வளவு தொலைவு குதிரையை ஏற்றிவர யாருக்குக் கட்டுப்படியாகும்? இன்றைக்கு மட்டும் தடை கல்லில் வெட்டிய சட்டம். வெளிக் குதிரை எதுவும் உள்ளே வரக்கூடாது. வேறு நாட்டில் சவாரிக்குப் போட்ட தோல் சேணம், கடிவாளம்கூட உள்ளே வரக்கூடாது.

இந்த இடத்தில் வரலாற்று வாத்தியாரால் ஒன்றைச் சொல்லாமல் தாண்டமுடியாது. கடல்வழிக் குதிரை நமக்கும் புதிதல்ல. பட்டினப்பாலை காலத்திலிருந்தே புகாரில் குதிரை இறங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வருவதையும், வந்தவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை என்பதும், சோறும் வெந்த இறைச்சியும் போட்டார்கள் என்பதும் அவர் சொல்லும் குறை. அவர் சொன்னதில் கொஞ்சம் கைச்சரக்கு கலந்திருக்கலாம். ஆனாலும் பாண்டியர் கருவூலத்தில் பெரும்பங்கு குதிரைக்கே போனது என்பது பொய்யில்லை. அங்கே நானூறு வருஷத்துக்கு முன்பே இறக்கிய குதிரைகளின் சந்ததியை வைத்துக்கொண்டு அவர்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாம் வருஷா வருஷம் புதிதாக வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஐஸ்லாந்துக் குதிரைக்கு ஐந்து நடை என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் நிகண்டுகளும் குதிரைக்கு ஐந்து கதி சொல்கின்றன, மயூரகதி, வானரகதி என்று. அது வேறு கணக்கு. சாதாரணக் குதிரை நடக்கும், சின்ன ஓட்டம் ஓடும், நாலுகால் பாய்ச்சலில் போகும். இதற்கு மேலும் இரண்டு. ஒன்று ‘டோல்ட்’. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும்படி, முதுகு குலுங்காமல், நடையின் வேகத்திலிருந்து ஓட்டத்தின் வேகம் வரைக்கும் போகும். சவாரி செய்கிறவர் கையில் பீர்க் கோப்பையைக் கொடுத்து, சிந்தாமல் ஓட்டிக்காட்டச் சொல்லும் விளையாட்டே இருக்கிறது. மற்றொன்று ‘ஸ்கெய்த்’. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எட்டிப்போடும் அதிவேகம். எல்லாக் குதிரைக்கும் இது வாய்ப்பதில்லை.

இந்த நடைக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2012-ல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு 2016-ல் பழைய குதிரை எலும்புகளைச் சோதித்தபோது, இதன் மிகப் பழைய அடையாளம் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு எலும்பில் கிடைத்தது. அதற்கு அடுத்தபடியாக ஐஸ்லாந்தின் ஆரம்பகாலக் குதிரைகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது. ஆக, நார்வேக்காரர்கள் இங்கிலாந்தில் கண்ட சுகமான நடைக் குதிரையைத் தங்களோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. கல்வெட்டும் ஓலையும் வாய் திறக்காத இடத்தில் எலும்பு பேசுகிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் இப்படி ஒரு சான்று வகை இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இனி வருவதுதான் என்னை உலுக்கியது.

ஐஸ்லாந்தில் விளைகிற புல்லை வெட்டி உலர்த்தி வைத்தால்தான் குளிர்காலத்தில் கால்நடை பிழைக்கும். அந்த உலர்புல் முதலில் பால்மாட்டுக்கு. அடுத்தது ஆட்டுக்கு. குதிரைக்குப் பெரும்பாலும் மிச்சமிருக்காது. அதனால் குதிரைகளை வெளியே விட்டுவிடுவார்கள், பனியைக் குளம்பால் தோண்டி அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று. ஐஸ்லாந்து மொழியில் இதற்கு ஒரு வழக்கே உண்டு. ‘கடவுளையும் உறைந்த தரையையும் நம்பி விடுவது’ என்று அர்த்தம். வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்கிறோமே, அதுபோல. நல்ல வருஷத்தில் பெரும்பாலானவை பிழைக்கும். பெய்த பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல மூடிவிட்டால் குளம்பால் உடைக்கமுடியாது. அந்த வருஷம் பட்டினிதான். வசந்தம் வரும்போது யார் நிற்கிறதோ அது குட்டி போடும்.

‘கெட்டியான இனம், எதையும் தாங்கும்’ என்று இன்று விளம்பரத்தில் எழுதுகிறார்களே, அந்தத் தாங்கும் தன்மை இப்படி வந்ததுதான். யாரும் கொடுத்த வரம் இல்லை. தாங்காதவை எல்லாம் செத்து, மீந்தவற்றின் பிள்ளைகள் இவை.

1783 ஜூன் 8-ஆம் தேதி தெற்கு ஐஸ்லாந்தில் லாகி என்ற இடத்தில் பூமி பிளந்தது. ஒற்றை மலைவாய் இல்லை, வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட வாய்கள். எட்டு மாதம், 1784 பிப்ரவரி வரை நெருப்புக் குழம்பும் நச்சுப்புகையும் வந்துகொண்டிருந்தன. குழம்பில் செத்தவர் இல்லை. புகையில் இருந்த ஃப்ளூரின் புல்லில் படிந்தது, அதைத் தின்ற கால்நடைகள்தான் செத்தன. அந்தப் பகுதியின் பாதிரியார் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் கண்ணால் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். குதிரைகள் சதை வற்றிப்போயின, முதுகுத்தோல் அழுகியது, பிடரியும் வாலும் இழுத்தால் கையோடு வந்தன, மூட்டுகளில் முண்டு முண்டாக வீங்கின. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். அதே பொருள்தான். அங்கே சில மாதத்தில் அள்ளிக்கொட்டிவிட்டது. நாட்டுக் குதிரைகளில் பாதிக்கு மேல் போயிற்று. ஆடுகள் அதைவிட மோசம். பின்னால் வந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள். ‘மூடுபனித் துயரம்’ என்பது அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பெயர்.

இன்று உலகத்தில் இருக்கிற ஐஸ்லாந்துக் குதிரை ஒவ்வொன்றும் அதில் பிழைத்தவற்றின் வழி வந்தது. ஸ்டியார்னாவும்தான்.

அவ்வளவு அடிபட்ட நாட்டில் குதிரை இல்லாமல் மறுபடி எழுந்திருக்கவே முடியாது. சாலை கிடையாது, சக்கர வண்டி கிடையாது, பாலம் கிடையாது. நாட்டைச் சுற்றிவரும் வட்டச்சாலை முழுமையானதே 1974-ல்தான். அதுவரை பனியாற்று வெள்ளத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு நீந்திக் கடந்தது, தபால் மூட்டை சுமந்தது, மருத்துவச்சியை ஏற்றிவந்தது, சவப்பெட்டியைக் கொண்டுபோனது எல்லாம் குதிரை. ஆறு கடப்பதில் தேர்ந்த குதிரைக்குத் தனிப்பெயரே இருந்தது, ‘நீர்க்குதிரை’ என்று. குதிரைக்குப் பொதுவாக அவர்கள் வைத்திருந்த பட்டம் ‘மிகவும் தேவையான வேலைக்காரன்’. வேலைக்காரன்தான், பிள்ளை இல்லை. அதன் இறைச்சியையும் தின்றார்கள், இன்றும் தின்கிறார்கள். சுமார் 1000-ல் நாடே கிறித்தவத்துக்கு மாறச் சம்மதித்தபோது, குதிரைக்கறி தின்னும் உரிமையை மட்டும் விடமாட்டோம் என்று பேரம் பேசி வாங்கியவர்கள். இதை மறைத்துவிட்டு அன்புக்கதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தாங்கும் தன்மைக்கே ஒரு விலை வந்தது. 1842-ல் பிரிட்டன் சட்டம் போட்டு, பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்வதைத் தடுத்தது. நல்ல சட்டம். ஆனால் வண்டி இழுக்க யார்? தாழ்வான சுரங்கப் பாதைக்குள் நுழையும் குட்டையான, பலமான, கொஞ்சம் தின்று நிறைய உழைக்கும் குதிரை வேண்டும். ஷெட்லாந்துக் குதிரைகளும் ஐஸ்லாந்துக் குதிரைகளும் கப்பல் கப்பலாகப் போயின. விரிந்த மேட்டுநிலத்தில் கூட்டமாக ஓடித் திரிந்தவை இருட்டுக்குள் இறங்கின. பிள்ளைகளைக் காப்பாற்றிய சட்டத்தைப் பாடப்புத்தகத்தில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அவர்கள் விட்டுப்போன இடத்தில் யார் போய் நின்றார்கள் என்பதை நானும் கேட்டதில்லை, எந்த மாணவனும் கேட்டதில்லை.

சரி, அந்தக் குதிரையின் உடம்புக்கு வருகிறேன். இது எனக்குக் குதிரைக்காரம்மா சொல்லித் தந்த பாடம். மாலையில் பேத்தியோடு நாலைந்து தடவை போனேன்.

முதுகுயரம் சராசரியாக 140 செண்டிமீட்டருக்குச் சற்று முன்பின். எடை 330-லிருந்து 380 கிலோ. இந்த உயரத்தைப் பார்த்து நான் “குட்டிக் குதிரை” என்று சொல்ல, பேத்தி அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள். அம்மா முகம் மாறியது. அப்படிச் சொல்லக்கூடாதாம், இது முழுக் குதிரையாம், வளர்ந்த ஆளை நாள்முழுக்கச் சுமக்குமாம். மெதுவாக முதிரும் இனம். நாலு வயது முடியாமல் முதுகில் ஏறமாட்டார்கள், ஏழு வயதுவரை எலும்பு வலுத்துக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் முதுகு கெடும். பொறுத்தால் இருபது, இருபத்தைந்து வயதிலும் சவாரிக்கு நிற்கும்.

குளிர்காலத்தில் இரண்டு அடுக்கு ரோமம். உள்ளே மெத்தென்று பஞ்சு, வெளியே நீண்ட எண்ணெய்ப்பசை மயிர். முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தால் மகிழ்ச்சிப்படவேண்டுமாம், உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். அப்போது போர்வை போர்த்துவதும் சுத்தம் செய்கிறேன் என்று சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதும் கேடு. மயிர் நிமிர்ந்து நிற்கவும் முடியாது, எண்ணெயும் போய்விடும். இது தாங்காதது ஒன்றுதான், நனைந்த உடம்பில் அடிக்கும் காற்று. புயலில் எல்லாம் காற்றுக்கு முதுகு காட்டி, தலையைத் தாழ்த்தி, நெருங்கி நிற்கும். அந்தத் தடித்த வால் பின்புறத்துக்குத் திரைச்சீலை. ஆனால் ஒதுங்க இடம் வேண்டும். மேடோ பள்ளமோ இல்லாத வெட்டவெளியில் காற்றுத்தடுப்புச் சுவர் கட்டவேண்டும் என்று இன்றைய ஐஸ்லாந்து விதிகளே கேட்கின்றன. கடவுளையும் உறைந்த தரையையும் நம்பி விட்ட காலம் அங்கே சட்டப்படி முடிந்துவிட்டது.

இன்னொன்று சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. குளிர்காலத்தில் இந்தக் குதிரையைக் கண்ணால் பார்த்து நம்பாதே, கையால் பார். ரோமம் பொம்மென்று நிற்பதால் எலும்பும் தோலுமாக இருந்தாலும் கொழுத்ததுபோலத் தெரியும். வாரம் ஒருமுறை ரோமத்துக்குள் விரலை விட்டு விலாவைத் தடவவேண்டும். இலையுதிர்காலத்தில் விலா விரலுக்கு எளிதில் தட்டக்கூடாது, குளிருக்குள் கொழுப்போடு போகவேண்டும். அது கரைந்து கரைந்து வசந்தத்தில் மெலிவது இயற்கை. ஆனால் எந்த அளவில் நிறுத்தி உலர்புல் போடவேண்டும் என்பதில்தான் வளர்ப்பவரின் அறிவு இருக்கிறது.

தீனி விஷயத்தில் நமக்குத் தலைகீழ். கொள்ளும் தானியமும் கொடுத்துக் குதிரையைத் தேற்றுவது நம் வழக்கம். இதற்கு முக்கால்வாசி வேலை கொடுக்காமல் இருப்பதுதான். பஞ்சத்தில் வார்த்த உடம்பு, கிடைத்ததை எல்லாம் கொழுப்பாக்கிவைக்கும். ஜெர்மனியின் கொழுத்த புல்லில் நாள்முழுக்க விட்டால் குளம்புக்குள் வீக்கம் கண்டு, கால் ஊன்றமுடியாமல் போய்விடும். முற்றினால் கொன்றுவிடுவதைத் தவிர வழியில்லை. அதனால் பாதிநாள் புல்லில்லாத மண்முற்றத்தில்தான் நிறுத்துவார். பட்டினியைத் தாங்கும் குதிரைக்கு நிறைந்த வயிறு நஞ்சு. வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வுபெற்றபின் சர்க்கரை வந்த எனக்கு இதை விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மற்றவை எல்லாக் குதிரைக்கும் உள்ளவை. உறையாத தண்ணீர், நக்குவதற்கு உப்புக்கட்டி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டுதல், பல் பார்த்தல், குடற்புழு மருந்து. ஐஸ்லாந்தில் வெளியே குளிர் காயும் குதிரைகளுக்கு உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பீப்பாயோடு வைக்கும் வழக்கமும் உண்டு. புல் தின்னும் பிராணி மீன் தின்கிறது! இதைப் படித்தபின் மார்க்கோ போலோவின் பாண்டியக் குதிரைச் சோற்றைப் பற்றிக் கொஞ்சம் இரக்கத்தோடு நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக வைக்கக்கூடாது. கூட்டத்தில் வளர்ந்த இனம், ஒற்றையாக நின்றால் மனம் ஒடிந்துவிடும்.

இனி அந்தச் சட்டை.

எள்ளைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி இருக்கிறது. நம் ஆட்டுக்காரர்களுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவரும் பூச்சியின் சொந்தம்தான். ஐரோப்பாவில் கோடையில் நீர்நிலை ஓரத்தில் அந்தியிலும் விடியலிலும் மேகமாகப் பறக்கும். குதிரைகளைக் கடிக்கும் அந்த வகை ஐஸ்லாந்தில் இருந்ததில்லை. கொசுவே இல்லாத நாடு என்று அதற்கு நெடுநாள் பெயர். 2025 அக்டோபரில்தான் முதன்முதலாக மூன்று கொசுக்களைப் பிடித்துச் செய்தியாக்கினார்கள். ஆயிரத்து நூறு வருஷம் பனி, பட்டினி, எரிமலை என்று எல்லாவற்றிடமும் தேர்வெழுதிய உடம்பு, இந்தப் பூச்சியிடம் ஒருநாளும் பாடம் கேட்டதில்லை. ஐஸ்லாந்தில் பிறந்து பெரிதானபின் இந்தப் பக்கம் வரும் குதிரைகளில், பூச்சி மிகுந்த இடங்களில், இரண்டு கோடைக்குள் சரிபாதி அளவுக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது. பிடரியும் வாலடியும் அரித்து, வேலியில் உராய்ந்து உராய்ந்து மயிர் உதிர்ந்து, ரத்தம் வழியும்வரை நிற்காது. அதே இனம், அதே ரத்தம், ஆனால் ஜெர்மனியில் பிறந்து குட்டியிலேயே பூச்சிக்கடி பட்டு வளர்ந்தவற்றில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆகவே நாலுக்குச் சட்டை வேண்டாம், ஒன்றுக்கு வேண்டும். ஏப்ரலில் மாட்டினால் அக்டோபரில்தான் கழற்றுவார்கள்.

இந்த ஒதுக்குப்புற வாழ்வின் விலையை 2010-ல் அந்த நாடே ஒருமுறை செலுத்தியது. குதிரைகளுக்கு இருமல் கண்டது. வெளியிலே சாதாரணமாகத் திரியும் ஒரு பாக்டீரியாவின் ஒரு வகை. எப்படியோ உள்ளே வந்தது, தண்ணீருக்குள் நடைப்பயிற்சி தரும் தொட்டி இருந்த ஒரு பயிற்சிக்கூடம் வழியாக எங்கும் பரவியது என்று பிற்பாடு மரபணுவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நாட்டில் இருந்த சுமார் 77,000 குதிரைகளில் கிட்டத்தட்ட எல்லாமே இருமின. ஏற்றுமதி நின்றது, அந்த ஆண்டின் பெரிய குதிரைத் திருவிழாவே ரத்தானது. செத்தவை மிகக் குறைவு என்பது ஆறுதல். வெளியே ஐந்து வயதுக் குதிரையும் பழகிப்போன கிருமி, அங்கே எந்தக் குதிரைக்கும் பழக்கமில்லை.

அதனால்தான் அந்தச் சட்டம் அவ்வளவு கடுமை. ஐஸ்லாந்தை விட்டு ஒருமுறை வெளியேறிய குதிரை மறுபடி அந்த மண்ணில் கால்வைக்கமுடியாது. உலகக் கோப்பைக்கு ஐஸ்லாந்து அணி வரும்போது, தங்கள் மிகச்சிறந்த குதிரைகளோடு வருகிறார்கள், போட்டி முடிந்ததும் அவற்றை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஜெயித்தாலும் அப்படித்தான், தோற்றாலும் அப்படித்தான்.

ஸ்டியார்னா ஏழு வயதில் விமானத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்கு வந்து அங்கிருந்து வண்டியில் வந்ததாம். இப்போது பதினேழு. நான் கேட்டேன், “ஊருக்கே அனுப்பிவிட்டால் அரிப்பு நின்றுவிடுமே?” பேத்தி கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மா தலையாட்டிவிட்டார். பூச்சி இல்லாத காற்று ஐஸ்லாந்தில் இருக்கிறது, அங்கே போனால் ஒரே மாதத்தில் பிடரி முளைத்துவிடும், ஆனால் விடமாட்டார்கள், விடவும் கூடாது என்றார். வாங்கும்போது இதெல்லாம் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். தெரிந்திருந்தால் இங்கே பிறந்த குட்டியைத்தான் வாங்கியிருப்பாராம். ஐஸ்லாந்து ஆய்வாளர்களும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஏற்றுமதிக்கு முன்பே போடக்கூடிய தடுப்பூசிக்குப் பல வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். இனி வரும் குதிரைகளுக்கு அது உதவலாம்.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் கடைசியில், கடல்பக்கமிருந்து பலமாகக் காற்று அடித்தது. குடையைப் பிடிக்கமுடியவில்லை. புல்வெளியில் சட்டை வேலிமேல் கிடந்து படபடத்துக்கொண்டிருந்தது. அப்படிக் காற்றடிக்கும் நாளில் அந்தப் பூச்சியால் பறக்கமுடியாதாம், அதனால் கழற்றிவிட்டிருக்கிறார். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் ஸ்டியார்னாவின் நிறத்தைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு, நம் செம்மறையைவிடக் கொஞ்சம் கறுப்பு. மற்ற நாலும் வேலி மூலையில் காற்றுக்கு முதுகு காட்டி ஒடுங்கி நின்றன. இது மட்டும் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, முதுகு குலுங்காத அந்த நடையில் போய்வந்துகொண்டிருந்தது. பேத்தி போனில் படமெடுத்தாள். கை நடுங்கியதில் தெளிவாக வரவில்லை. இருந்தாலும் பின்னூட்டத்தில் போடுகிறேன்.